மாமையும் பசலையும்: எட்டு அங்குலச் சிப்பாய்க்கு நிறம் தீட்டுதல்

இரண்டு மாத காலம் என் மேசைமேல் ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தார். உயரம் எட்டு அங்குலம். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கத் தரைப்படையினர் அணிந்த பாலைவனச் சீருடை, துணியுறை மாட்டிய தலைக்கவசம், மார்பில் கனத்த கவச அங்கி. ரெசினில் வார்க்கப்பட்டு, சாம்பல் நிறத் துண்டுகளாக ஒரு பெட்டியில் வந்தவரை ஒட்டி நிமிர்த்தி நிறம் தீட்டியது நான். சீருடை ஒரே முயற்சியில் முடிந்துவிட்டது. முகத்தைத்தான் முழுக்க அழித்துவிட்டு இரண்டாம் முறை தீட்ட வேண்டியிருந்தது.

"இந்த வயதில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பதா?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. ஆமாம், அதேதான். கொலு பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவர்கள் செய்வதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அவர்கள் ஒரு நாளில் பளிச்சென்று பத்து பொம்மை முடிப்பார்கள். நாங்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு ஒன்றை மங்கலாக்குவோம்.

இத்துறையில் அளவைப் பின்னமாகச் சொல்வது வழக்கம். 1/35 என்றால் நிஜ ஆளில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு; ஆள் உயரம் ஐந்து சென்டிமீட்டர், தலை ஒரு பட்டாணி. நான் எடுத்துக்கொண்டது 1/9. தலை ஒரு நெல்லிக்காய் அளவு வரும். பட்டாணியில் இரண்டு புள்ளி வைத்தால் கண்ணாகிவிடும், பார்ப்பவர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். நெல்லிக்காயில் அந்தச் சலுகை கிடையாது. மேலிமையின் தடிப்பு, கண்ணோரத்துச் சிவப்பு, உதட்டின் வரி, தாடையில் ஒரு நாள் வளர்ந்த மயிர் எல்லாம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது பொம்மை என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடும்.

சிப்பாய் பொம்மை எல்லோருக்கும் விளையாட்டுப் பொருள் அல்ல என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் என் அறைக்குள் வந்து அலமாரியைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். உருமறைப்புச் சீருடை என்பது அவருக்கு அளவு குறைத்துப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல. அவர் வருகிற நாட்களில் அந்தக் கதவைச் சாத்தி வைப்பேன். இந்தச் சிப்பாயை நான் எடுத்ததற்கும் ஒரு மனிதர்தான் காரணம். என்னோடு பல வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கறுப்பின அமெரிக்கர், பணி ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். 1991 பிப்ரவரியில் அவருக்கு இருபத்தொரு வயது. நூறு மணி நேரம் நடந்த அந்தத் தரைப்போரில் சரக்கு லாரி ஓட்டியவர். என் பொழுதுபோக்கைக் கேள்விப்பட்டு, "என்னைச் செய்து தர முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பழைய புகைப்படமும், மடித்து வைத்த அவருடைய சீருடைச் சட்டையும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன.

சீருடையிலிருந்து தொடங்குகிறேன். அதில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது.

உருமறைப்பின் முதல் பெரிய கோட்பாட்டைச் சொன்னவர் ஓர் ஓவியர். அமெரிக்கரான ஆபட் தேயர் 1896இல் ஒரு பறவையியல் இதழில் அதை எழுதினார். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்தப் பொருளுக்கும் மேற்பகுதி வெளுத்தும் அடிப்பகுதி இருண்டும் தெரிகிறது. அதனால்தான் அது உருண்டையான பொருள் என்று கண் கண்டுபிடிக்கிறது. பல விலங்குகளுக்கு இயற்கை இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: முதுகு கருமை, வயிறு வெண்மை. மீன் சந்தையில் அயிலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒளியும் நிறமும் ஒன்றையொன்று ரத்து செய்ய, உருவம் தட்டையாகி மறைகிறது. (தேயர் பிற்பாடு தன் கோட்பாட்டின்மேல் மையல் கொண்டு, பூநாரைகள் சிவந்திருப்பது அந்தி வானத்தில் மறைவதற்காக என்றெல்லாம் எழுதப்போய், வேட்டைக்காரரான தியடோர் ரூஸ்வெல்ட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.) 1915இல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென ஒரு பிரிவை அமைத்தபோது அதற்குத் தலைமை தாங்கிய கிராண்ட் த செவோலாவும் ஓவியர்தான். எதிர்ப்பக்கத்தில் ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க், பீரங்கிகளை மூடும் தார்ப்பாய்களில் நவீன ஓவியப் பாணியில் புள்ளி புள்ளியாகத் தீட்டினார். 1916 மார்ச்சில் வெர்தன் அருகே கொல்லப்பட்டார்.

ஆக, உருவத்தை அழிப்பதற்காக ஓவியர்கள் கண்டுபிடித்த வித்தை இது. அதைப் பொம்மையில் தீட்டுகிறவனுக்கோ உருவம் தெரிந்தாக வேண்டும். உள்ளபடியே துணியின் வடிவத்தை மட்டும் தீட்டி நிறுத்தினால், அது தன் வேலையைச் செய்துவிடும்: கை எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு புள்ளிக் குவியல் மிஞ்சும். பாலைவனத்தில் சூரியன் ஒற்றை விளக்கு. மடிப்புக்கு மடிப்பு கூர்மையான நிழல் விழும். என் அறையிலோ எட்டு அங்குல உருவத்துக்கு ஒரு மேசை விளக்கே வானமளவு பெரியது. சுவரும் கூரையும் தம் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்ப, நிழல்கள் கரைந்துபோகும். அதனால் ஒளியையும் நிழலையும் நாமே தீட்டிச் சேர்க்கிறோம். மேற்புறத்தை வெளுக்கவும் அடிப்புறத்தை இருட்டவும் செய்கிறோம். அதாவது தேயர் சொன்னதற்கு நேர் எதிர்.

1991இன் அந்தத் துணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. படைவீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'சாக்லேட் சிப்', பிஸ்கட் மாவில் தூவிய சாக்லேட் துண்டுகள் போல் இருந்ததால். ஆறு நிறங்கள்: வெளிர் மணல் நிறம், மங்கிய பச்சை, இரண்டு பழுப்புகள், பிறகு கறுப்பும் வெள்ளையும் ஒட்டிய சிறு புள்ளிகள். இந்தக் கடைசிப் புள்ளிகள் கூழாங்கற்கள். வெள்ளை, கல்லின்மேல் விழும் வெயில்; கறுப்பு, அதன் நிழல். 1970களில் அமெரிக்காவின் சொந்தப் பாலைவனங்களை மனதில் வைத்து வடிவமைத்தார்கள். அங்கே கற்கள் நிறைய. சவுதியிலும் குவைத்திலும் மணல்வெளியில் போய் நின்றபோது கல்லில்லாத இடத்தில் கல்லின் நிழல் மட்டும் நடமாடியது. போர் முடிந்த சில ஆண்டுகளில் புள்ளிகளை நீக்கி மூன்று நிறத் துணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். இதற்கு மேல், கவச அங்கிகள் பல ஐரோப்பியக் காடுகளுக்கான பச்சை, பழுப்பு, கறுப்புத் துணியிலேயே இருந்தன. மணலில் நிற்கும் மனிதன், மார்பில் ஒரு காட்டையும் சட்டையில் ஒரு கல்மேட்டையும் சுமந்தான். தீட்டுகிறவனுக்கு இது சொர்க்கம். நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

வேலை முறையைச் சொல்கிறேன். ரெசின் துண்டுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழவழப்பு இருந்தால் வண்ணம் பிடிக்காது. அச்சுக் கோடுகளைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகமூடியும் அவசியம். பிறகு உடல் முழுக்கக் கறுப்புப் பிரைமர் தெளித்து, அது காய்ந்ததும் நேர் மேலிருந்து மட்டும் வெள்ளைப் பிரைமர். இப்போது உச்சி வெயிலில் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைச் சிப்பாய் கிடைப்பார். அவரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து வைத்துக்கொள்வேன். ஒளி எங்கே, நிழல் எங்கே என்பதற்கு இனி அதுதான் வரைபடம்.

சட்டையை மேசையில் விரித்து அளவுகோலோடு உட்கார்ந்தது பெரிய பாடம். மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள புள்ளி பொம்மையில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். சிறிய உருவம் என்பதால் கை தானாகவே புள்ளிகளைச் சிறுக்க வைக்கும். புதிதாகத் தீட்டுகிறவர்கள் அனேகமாக இதில்தான் வழுக்குகிறார்கள், பாதிப் பொம்மைகள் சுங்குடிச் சேலை கட்டியதுபோல் நிற்பதற்கு இதுவே காரணம். அடுத்தது தையல். துணியை முதலில் அச்சடித்து, பிறகு வெட்டித் தைக்கிறார்கள். ஆகவே தோளில், பக்கத் தையலில், பையின் மூடியில் வடிவம் வெட்டுப்பட்டு வேறொன்றாகத் தொடரும். மடிப்புகளிலோ வெட்டுப்படாது, மடிப்புக்குள் இறங்கி மறைந்து, மறுகரையில் ஏறும். தையலில் உடைய வேண்டும், மடிப்பில் உடையக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பார்ப்பவர் காரணம் தெரியாமலே "துணி மாதிரி இருக்கிறது" என்பார்.

மணல் நிறத்தை அக்ரிலிக்கில் முதலில் தீட்டினேன், பிரைமர் வரைபடத்தின்படி மேலே வெளுப்பும் கீழே அடர்வும் இருக்கும்படி. அதன்மேல் பச்சைத் திட்டுகள், பழுப்புப் பட்டைகள், கடைசியில் புள்ளிகள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி, நடு, நிழல் என்று மூன்று கலவை செய்து தீட்டுகிற பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். ஆறு நிறத்துக்குப் பதினெட்டுக் கலவை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அவசியமும் இல்லை என்பது என் கட்சி. எல்லா நிறங்களையும் தட்டையாக முடித்துவிட்டு, மிகவும் நீர்த்த அடர்பழுப்பை மடிப்புக் குழிகளிலும், மிகவும் நீர்த்த மணல் நிறத்தை மேடுகளிலும் மெல்லிய படலங்களாக ஏற்றினால் போதும். ஒரே நிழல் எல்லா நிறங்கள்மேலும் படிவதால் அவை ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. ஒரு படலம் காய்ந்த பிறகுதான் அடுத்தது; பத்துப் பன்னிரண்டு படலம் ஆகும். தூரிகையில் இருப்பது வண்ணம் கரைத்த தண்ணீர் என்று தோன்றும் அளவுக்கு நீர்க்க வேண்டும்.

கறுப்பைப் பற்றி ஒரு சொல். குப்பியிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே வைத்தால் சிறிய உருவத்தில் அது ஓட்டை போலத் தெரியும். தூரத்தில் இருக்கும் கறுப்பு நம் கண்ணுக்குக் கறுப்பாக வருவதில்லை. நண்பரின் சட்டையிலும் கறுப்பு வெயிலிலும் சலவையிலும் வெளுத்து, பழுப்புச் சாம்பலாகத்தான் இருந்தது. வெள்ளைப் புள்ளிகளும் மணல் நிறத்துக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். ஆக, ஆறு நிறத் துணியில் உண்மையான கறுப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை.

இப்படிச் சீருடை முடிந்தது. பூட்ஸைப் பெட்டியின்மேல் இருந்த படத்தைப் பார்த்து மணல் நிறத்தில் தீட்டினேன். முகத்துக்கு வந்தேன்.

அவர் கொடுத்த புகைப்படத்தில் இடுப்புக்கு மேல் தெரிகிறார். வானம் வெளுத்து, மணல் வெளுத்து, சட்டையின் புள்ளிகள்கூடத் துல்லியமாக இருக்கின்றன. தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே முகம் ஒரு கருந்திட்டு. பற்களும் கண்ணின் வெண்மையும் தெரிகின்றன, மனிதர் தெரியவில்லை. சரி, அடர்பழுப்பு முகம் என்று எடுத்துக்கொண்டு, வெளிர் முகங்களுக்கு எப்போதும் செய்வதையே செய்தேன். நடு நிறம் ஒன்று. நிழலுக்கு அதில் கறுப்பு. ஒளிக்கு அதில் வெள்ளை. நுணுக்கமாகத்தான் செய்தேன், கண்ணிமை உட்பட. மதிய உணவு நேரத்தில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சீருடை அப்படியே இருக்கிறது. அச்சு அசல்" என்றார். நன்றி சொன்னார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. அடுப்பில் அணைந்த கரியின்மேல் படியும் நிறம். உயிருள்ள யாருக்கும் அந்த நிறம் கிடையாது.

எங்கே தவறினேன் என்று யோசித்தபோது, என் வண்ணப் பெட்டியே கொஞ்சம் பதில் சொன்னது. 'ஃப்ளெஷ்', அதாவது தசை நிறம் என்று பெயரிட்ட குப்பிகள் ஏழெட்டு வைத்திருந்தேன். எல்லாமே இளஞ்சிவப்பின் படிகள். என் கையை அவற்றின் அருகில் வைத்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. இத்தனை வருடமாக அது எனக்கு உறைக்கவே இல்லை. கிரெயோலா நிறுவனம் தன் மெழுகு வண்ணக்கோலுக்கு வைத்திருந்த இதே பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. புகைப்படச் சுருளின் கதையும் இதேதான். அச்சுக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் சரியாக வந்தால் படம் சரி. கனடாவின் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு செய்தி உண்டு: ஃபிலிம் நிறுவனங்கள் பழுப்பு நிறங்களைக் கூடுதலாகப் பிரித்துக் காட்ட முனைந்ததற்கு, கறுப்பு சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் படத்தில் ஒன்றுபோல் விழுகின்றன என்று மிட்டாய் விளம்பரக்காரர்களும், மரங்களின் நிறம் வேறுபடவில்லை என்று மேசை நாற்காலி விற்பவர்களும் செய்த புகார்கள் காரணமாக இருந்தன. மனிதர்களின் முகம் அதற்குப் பிறகுதான் பயன்பெற்றது.

நம் மொழியில் இதற்கு வேறு சொல்வளம் இருக்கிறது. சங்கப் பாடல்களின் தலைவிக்கு மாமை நிறம். அகராதியில் கருமை என்றும் இருக்கும், அழகு என்றும் இருக்கும், மாந்தளிரின் நிறம் என்றும் இருக்கும். மாந்தளிரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது பழுப்பு மட்டும் இல்லை. செம்பு கலந்த, உள்ளே சிவப்பு ஓடுகிற, மேலே மினுமினுப்பு உள்ள நிறம். பிரிவு வந்ததும் அந்த மாமையை அழித்துக்கொண்டு பசலை படர்கிறது. பசலையைப் பீர்க்கம்பூவோடு ஒப்பிடுவார்கள். மினுமினுப்புப் போய், வெளிறி, மேலே ஏதோ பூத்ததுபோல் ஆகிவிடும் மேனி. நான் வெள்ளை கலந்து செய்தது கிட்டத்தட்ட இதுதான். அவர் முகத்தில் பசலை ஏற்றியிருந்தேன். மாந்தளிரில் வெள்ளை எங்கும் கிடையாது என்பதைப் புலவர்கள் எனக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

இயற்பியலும் இதையே சொல்கிறது. தோலிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு வகை. ஒன்று, தோலுக்குள் புகுந்து, மெலனினும் இரத்தமும் உறிஞ்சியது போக மிஞ்சி வெளியே வருவது. தோலின் 'நிறம்' என்று நாம் சொல்வது இதை. மற்றொன்று, மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புவது. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு. இந்த இரண்டாவது மெலனினைத் தொடுவதே இல்லை. எனவே எல்லா மனிதருக்கும் இது ஏறக்குறைய ஒரே அளவு, அதன் நிறம் விழுகிற ஒளியின் நிறம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: உள்ளிருந்து ஐம்பது பங்கு வருகிற வெளிர் தோலில் இந்த நான்கு சேர்வது கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் பங்கு மட்டும் வருகிற கரிய தோலில் நான்கு சேர்ந்தால் பாதிக்குப் பாதி கூடுதல். கரிய முகத்தின் வடிவத்தை நமக்குக் காட்டுவதில் பெரும்பங்கு இந்த மினுக்கத்துக்குத்தான். வெளிர் முகத்தைத் தீட்டுகிறவன் நிழலால் செதுக்குகிறான். கரிய முகத்தை ஒளியால் செதுக்க வேண்டும்.

புகைப்படத்தை மூடி வைத்துவிட்டு, அவரையே பார்த்து வரைய அனுமதி கேட்டேன். ஒரு மதியம் ஜன்னலோரம் இருபது நிமிடம் உட்கார்ந்தார், சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே. பழுப்பு என்று நான் நினைத்திருந்த முகத்தில் என்னென்னவோ இருந்தது. கன்னத்தில் செம்மண். காது மடலிலும் மூக்கு நுனியிலும் இரத்தச் சிவப்பு. கண்குழியில் கத்தரிப்பூ ஊதா. கீழுதட்டின் உட்புறம் ரோஜா. நெற்றி மேட்டில், ஜன்னலைப் பார்த்திருந்த பக்கம், தெளிவான நீலம். வெளியே இருந்த வானம் அங்கே விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் கழற்றி (இந்த அளவுப் பொம்மைகளில் தலை தனித்துண்டு) ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் போட்டேன். சிறிது நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க, இரண்டு வார வேலை அழுக்குத் தண்ணீராக ஓடியது.

இரண்டாம் முறை எண்ணெய் வண்ணம். அக்ரிலிக் நிமிடங்களில் காய்ந்துவிடும்; எண்ணெய் ஒரு மாலை முழுக்கக் குழைந்துகொடுக்கும். குழாயிலிருந்து பிதுக்கியதை ஓர் அட்டைத் துண்டில் ஒரு மணி நேரம் விட்டால் கூடுதல் எண்ணெயை அட்டை குடித்துவிடும். அடியில் செம்பழுப்பு அக்ரிலிக் ஒரு பூச்சு. அதன்மேல் காப்பிக்கொட்டை நிறமான பர்ன்ட் அம்பரை மெல்லியதாகத் தடவி, பெரும்பகுதியைத் துடைத்தெடுத்தேன். நிழலில் கறுப்பைத் தொடவில்லை. அம்பரோடு அல்ட்ராமரீன் நீலமும் அலிசரின் சிவப்பும். கவசத்தின் விளிம்புக்கடி, கண்குழி, கன்ன எலும்பின் கீழ், கீழுதட்டின் கீழ். ஒளிக்கு வெள்ளையைத் தொடவில்லை. செங்கல் நிறமான பர்ன்ட் சியன்னாவும் மஞ்சள் மண்ணான யெல்லோ ஓக்கரும். இரண்டும் சந்திக்கிற இடத்தை உலர்ந்த மெல்லிய தூரிகையால் ஒற்றி ஒற்றிக் கலந்தேன். தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும்.

ஒரு டம்ளரைக் கவிழ்த்துத் தூசி படாமல் மூடி ஐந்து நாள் காய விட்டேன். ஆறாம் நாள், வாழ்க்கையில் மிகக் குறைவாக எடுத்த வெள்ளை: குண்டூசித் தலையளவு, நீலமும் அம்பரும் துளி சேர்த்து. வானத்தைப் பார்க்கிற இடங்களில் மட்டும் அதைத் தொட்டு வைத்தேன்: மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டின் நடு. ஒவ்வொன்றும் ஒரு கடுகு அகலம். அந்த இடத்தில் முகம் சட்டென்று உருண்டது. கடைசியாக, சட்டைக்குப் பளபளப்பே இல்லாத வார்னிஷ் அடித்ததுபோல் தோலுக்கும் அடித்துவிடாமல், அரை மினுக்கம் உள்ள வார்னிஷைப் பூசினேன். நல்ல முகங்களைச் சுண்ணாம்பாக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பூச்சுதான். சட்டை மங்கல், தோல் மினுக்கம், கண் மட்டும் ஈரம்.

கண்ணின் வெண்மைக்கு வெள்ளை கூடாது. பழுப்பேறிய தந்த நிறம், மூக்குப்பக்க ஓரத்தில் சிவப்பு. கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் பேயைக் கண்டவர்போல் விழிப்பார். மேலிமை அதில் ஒரு பகுதியை மறைக்க வேண்டும், இமையின் நிழலும் கண்மேல் விழ வேண்டும். வெயிலில் நிற்பவராதலால் கொஞ்சம் இடுக்கியே வைத்தேன். உள்ளங்கையும் நகங்களும் புறங்கையைவிட வெளிர். இதை மறந்துவிட்டு, பிறகு நினைவு வந்து கைகளைத் திருத்தினேன்.

பிறகு கொஞ்சம் மணல் நிறப் பொடியைச் சட்டையின் மடிப்புகளிலும் முழங்காலிலும் உலர்ந்த தூரிகையால் ஒற்றினேன். முகத்தில் ஒற்றவில்லை. பாலைவனத்தில் முகத்திலும் புழுதி படியும் என்பது நியாயம்தான். ஆனாலும் அந்த முகத்தின்மேல் வெளிறிய எதையும் இன்னொரு முறை தூவ எனக்குக் கை வரவில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கைப்பேசியை எடுத்து, சிப்பாயின் முகத்தருகே கொண்டுபோய் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார், என்ன என்று எனக்குக் காட்டவில்லை. பிறகு பொம்மையைக் கையில் எடுத்துக் கீழிருந்து மேலாகப் பார்த்து, "ஒன்று சொல்லட்டுமா? பூட்ஸ் தப்பு. மணல் நிற பூட்ஸ் எங்கள் பிரிவுக்கு வந்து சேரவே இல்லை. கடைசிவரை கறுப்புதான் போட்டிருந்தோம்" என்றார்.

போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

அன்று இரவே பூட்ஸைக் கறுப்பாக்கினேன். அடர்பழுப்பில் நீலம் கலந்த கறுப்பு, முனையில் தோல் உரிந்த இடத்தில் சாம்பல், வார் துளைகளைச் சுற்றி மணல்.